முதல் ஆளுக்கு ஒரு முகம்

அம்மாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி அருங்காட்சியகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் வாசிப்பதற்காம். பிறந்த ஆண்டு, படிப்பு, பணியில் சேர்ந்த ஆண்டு, விருதுகள். எழுதிக் கொடுத்துவிட்டேன். விருதுகள் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். எழுதியதைத் திரும்பப் படித்தபோது அந்தப் பெண்மணி யாரென்றே எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நல்லவராகத் தெரிந்தார்.

என் அம்மா வேறு. அவளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நான் இயந்திரப் பொறியாளர். எடை, வேகம், உராய்வு பற்றி எழுதிப் பழக்கம். உருக்கமாக எழுத வராது.

அம்மாவின் வேலை, நாட்டின் வரலாற்றுக்கு ஆள் பிடிப்பது.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் வரலாற்றுக்கென்று ஒரு நீளமான ஹால் உண்டு. நாடு பெரியது. பேச்சு ஒரு நூறு, உடுப்பு ஒரு நூறு, சாமிக்குக் கணக்கே கிடையாது. கணவாய் வழியாகக் குதிரையில் வந்தவர்கள், கடல் வழியாகக் கப்பலில் வந்தவர்கள், கொள்ளையடிக்க வந்து குடித்தனம் நடத்தியவர்கள், வியாபாரத்துக்கு வந்து நாட்டாமை செய்தவர்கள், இவர்கள் எல்லோருக்கும் முன்பே இங்கே இருந்தவர்கள் என அத்தனை பேரும் அந்த ஹாலில் ஆளுயர உருவங்களாக நிற்க வேண்டும். இடது வாசலில் கல் யுகம், வலது வாசலில் சுதந்திரம். பார்வையாளர்கள் இதை அரை மணியில் கடந்து, வெளியே வந்ததும் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்பார்கள்.

உடம்பு செய்வது தச்சர்கள். உடை செய்வது தையல் பிரிவு. முகமும் கையும் அம்மா.

அவளிடம் ஒரு குறை இருந்தது. கற்பனையில் மூக்கு வராது. "இல்லாத மூக்கை எப்படிடி செய்யறது?" என்பாள். உயிரோடிருக்கிற ஆளைப் படுக்க வைத்து, முகத்தில் வாஸ்லின் தடவி, பிளாஸ்டர் ஊற்றி, அச்சு எடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். அரசர்கள் யாரும் உயிரோடில்லை. வீட்டில் இருப்பவர்கள் இருந்தார்கள்.

அப்பா பஸ் கண்டக்டர். நாட்டின் மூன்றில் இரண்டு பங்கை ஒரு குடையின் கீழ் கொண்டு வந்த பேரரசர் அவர்தான். நேரில் போய்ப் பாருங்கள். நெற்றியில் வெற்றிப் பட்டம், இடுப்பில் வாள், முகத்தில் மட்டும் சில்லறை கேட்கிற களை. சித்தி, பகைவரிடம் பணியாமல் கோட்டைக்குள்ளேயே இருந்து போராடிய ராணி. அச்சு எடுத்த நாளிலிருந்து சித்தியின் கழுத்தே வேறு மாதிரி ஆகிவிட்டது. காய்கறிக் கடையிலும் அந்தக் கழுத்தோடுதான் பேரம் பேசுவார். பெரியப்பா, தூர தேசத்திலிருந்து நடந்தே வந்த யாத்ரீகர். உண்மையில் பெரியப்பா தெருமுனைக்குப் போகக்கூட ஆட்டோ தேடுவார்.

அச்சு எடுக்கும்போது ஆள் பேசக் கூடாது. மூக்கில் இரண்டு குழல், முகம் முழுக்க ஈரப் பிளாஸ்டர், அது சூடாகி இறுகும் வரை அசையக் கூடாது. அப்பாவிடம் வீட்டு விஷயம் பேச அம்மா தேர்ந்தெடுத்த நேரம் அதுதான்.

"ஏங்க, குளியலறைக் கதவு கீல் போயி எத்தனை நாளாச்சு? ... பதில் வேண்டாம், பேசினா மூக்குக் கோணிக்கும். உங்க அக்கா வீட்டுக்கு இந்த மாசம் நான் வரல. சரின்னா அப்படியே படுத்திருங்க."

அப்பா அப்படியே படுத்திருப்பார். ஒரு பேரரசரின் சம்மதங்கள் பலவும் இந்த வகையில் பெறப்பட்டவை.

அம்மாவின் முகத்துக்கு மட்டும் அச்சு கிடையாது. ஒருமுறை கேட்டேன். "நான் படுத்துட்டா ஊத்தறது யாரு? நீயா? கலக்கவே தெரியாது, கட்டி கட்டியா விடுவே" என்றாள். இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் எல்லோருடைய முகமும் இருக்கிறது.

ஹால் நிறைந்துகொண்டே வந்தது. ஒரு இடம் மட்டும் பாக்கி. இடது வாசலை ஒட்டிய முதல் பீடம். அங்கே நிற்க வேண்டியது, இந்த மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்த மனித உயிர். அலுவலகக் காகிதங்களில் அதன் பெயர் "முதல் ஆள்".

பேரரசருக்கு எந்த மூக்கு வைத்தாலும் யாரும் கேட்கவில்லை. முதல் ஆளுக்குக் கேட்டார்கள். நாட்டின் ஆறு பகுதிகளிலிருந்து ஆறு பிரதிநிதிகள் கொண்ட ஒரு குழு இருந்தது. அவர்கள் ஒப்புதல் தர வேண்டும். அம்மா அவர்களுக்கு வீட்டில் வைத்த பெயர்கள்: மலை, கடல், காடு, சமவெளி, தீவு, மணல். மலையும் கடலும் எப்போதும் சண்டை. காடு ஒரு வயதான அம்மாள். அதிகம் பேச மாட்டார். கூட்டத்தில் தரும் பிஸ்கட்டை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சாப்பிடுவார்.

அம்மா முதலில் வைத்தது அப்பாவின் பஸ் டிரைவருடைய முகம். மலை எழுந்தார்.

"இது கடற்கரை ஆளு. தாடையப் பாத்தாலே தெரியுது."

"கடற்கரை ஆளுக்கு என்ன கொறச்சல்?" என்றார் கடல். "முதல்ல வந்தவன் படகுலதான் வந்தான்."

"படகு செய்ய மரம் எங்கேருந்து வந்துச்சு? மலையிலேருந்து!"

இரண்டாவது, கேன்டீன்காரர். சமவெளிச் சாயல் அதிகம் என்று நிராகரித்தார்கள். மூன்றாவது, எங்கள் வீட்டு பிளம்பர். ஏன் என்று நினைவில்லை, ஆனால் அவரையும் நிராகரித்தார்கள். இதைக் கேள்விப்பட்ட பிளம்பர், குளியலறை வேலையைப் பாதியில் விட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் டைரக்டர் அம்மாவைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், வயிற்றுப்புண் உள்ளவர். திறப்பு விழாவுக்குள் முதல் பீடத்தில் ஒப்புதலோடு ஒரு முகம் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஹால் முழுவதையும் ஒரு வெளியூர் நிறுவனத்திடம் கொடுத்துவிடுவதாக மேலிடத்தில் முடிவு என்றார். அவர்கள் திரைகள் மட்டும் வைப்பார்கள். உருவங்கள் எல்லாம் கிடங்குக்குப் போகும்.

அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"கிடங்குல போட்டுருவாங்களாம். எல்லாரையும்."

"என்னையுமா?" என்றார் அப்பா.

"உங்களத்தான் மொதல்ல. வாள் நீட்டிட்டு இருக்கறதால ரொம்ப எடம் அடைக்கறீங்களாம்."

"நாடு பூரா ஜெயிச்சவனுக்கு ஒரு மூலை கெடையாதா?"

அம்மா சிரிக்கவில்லை. அதிலிருந்துதான் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது. அவள் வாழ்நாளில் செய்தது அந்த ஹால் ஒன்றுதான். கிடங்கில் எலி இருக்கிறதா, கூரை ஒழுகுமா என்று அதன் காவலாளியிடம் விசாரித்துவிட்டும் வந்திருந்தாள். இரண்டுக்கும் பதில் ஆமாம்.

நான் அப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் ஒரு சராசரி உண்டு என்று நம்புகிற வயது. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்தவர்களின் முக அளவுகளைச் சேகரித்தேன். மூக்கின் நீளம், நெற்றியின் உயரம், கண்களுக்கு இடைப்பட்ட தூரம். கூட்டி வகுத்து ஒரு முகம் வந்தது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே அதைக் களிமண்ணில் செய்தாள்.

முடிந்ததும் அப்பா சுற்றி வந்து பார்த்தார். "தப்பா எதுவும் இல்ல" என்றார். "ஆனா இந்த ஆளுக்கு நான் டிக்கெட் குடுத்தா, இறங்கினப்புறம் மூஞ்சி ஞாபகம் வராது."

குழு அதை ஒருமனதாக நிராகரித்தது. ஆறு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் முறை என்பதால் டைரக்டர் சற்று மகிழ்ச்சியாகவே இருந்தார். நான் அந்த வாரம் முழுவதும் சராசரிகளிடம் பேசவில்லை.

"கணக்கு போட்டா மனுசன் வர மாட்டான்டி" என்றாள் அம்மா. "படுக்க வைக்கணும். யாரு அவ்வளவு பேசறாங்களோ அவங்களையே படுக்க வைக்கறேன்."

மறுநாள் குழுவிடம் போய், அய்யாமார்களின் முகத்திலேயே அச்சு எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று பணிவாகக் கேட்டாள். முதல் ஆளின் சாயல் அவர்களிடம்தானே இருக்கும்? ஐந்து பேர் உடனே தலைமுடியைக் கோதிக்கொண்டார்கள். காட்டம்மாள் மட்டும், "பிளாஸ்டர் அரிக்குமா?" என்று கேட்டார்.

அம்மாவின் பட்டறையில் ஆறு பெஞ்சுகள் போட்டோம். ஆறு பேரும் கழுத்துவரை துணி போர்த்திப் படுத்திருந்தார்கள். நான் வாளியில் பிளாஸ்டர் கலக்கினேன். கட்டி விழுந்தது. அம்மா பார்வையாலேயே ஒரு அறை விட்டு, தானே கலக்கினாள். கடைசி முகமும் மூடப்பட்டதும் அறையில் பன்னிரண்டு குழல்களில் காற்று போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது.

டைரக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். குழு அவர் கண்ணெதிரே இப்படி அமைதியாக இருந்ததே இல்லை.

"சார், தீர்மானம் ஏதாவது நிறைவேத்தணும்னா இப்பவே நிறைவேத்திக்கங்க" என்றாள் அம்மா. "யாரும் எதிர்க்க மாட்டாங்க."

ஒரு பெஞ்சில் கால் ஒன்று கோபமாக ஆடியது.

"ஆடாதீங்கய்யா. தாடை கோணினா அப்புறம் உங்க வம்சமே கோணலா வந்தாங்கன்னு எழுதிருவாங்க."

கால் நின்றது. அந்தக் கால் கடல் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாளில் முகங்கள் தயார். வெள்ளை முகங்கள். முடி இல்லை, நிறம் இல்லை, கண் மூடியிருக்கும். மேசையில் வரிசையாக வைத்துவிட்டு அம்மா குழுவை அழைத்தாள். "அவங்கவங்க முகத்த எடுத்துக் குடுங்க. எடுக்கற முகத்துக்குத்தான் அவங்க பகுதி உடுப்பு போடுவேன்." அவள் உள்நோக்கம் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. பின்பக்கத்தில் யார் முகம் என்று குறித்து வைக்க மறந்துவிட்டாள், அவ்வளவுதான். அவளுக்குப் பார்த்தாலே தெரியும். மற்றவர்களுக்கும் தங்கள் முகம் தெரியும் என்று நினைத்தாள்.

மலை முதலில் வந்தார். ஒரு முகத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

"இதோ. மலைக்காத்து அடிச்ச கன்னம். எங்க தாத்தா மூக்கு அப்படியே இருக்கு."

அது கடலின் முகம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கடல் சிறிது யோசித்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "நெத்தியப் பாருங்க. தலைமுறை தலைமுறையா அலையப் பாத்த நெத்தி." அது காட்டம்மாளின் நெற்றி. காட்டம்மாள் அவர் கையில் இருந்த முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு பிஸ்கட் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். சமவெளி மலையை எடுத்தார். தீவு சரியாகத் தன்னையே எடுத்தார், பிறகு சந்தேகம் வந்து மணலுடன் மாற்றிக்கொண்டார். மிச்சமிருந்தது சமவெளி. "இது போதும்" என்று காட்டம்மாள் அதை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் நான், "அம்மா, சொல்லிடலாமா?" என்றேன்.

"எதுக்கு? மனசார எடுத்துட்டுப் போயிருக்காங்க. கண்ணத் திறந்து, சாயம் பூசி, முடி வச்சா பெத்த தாயே ஒரு நிமிசம் யோசிப்பா. விடு."

ஆக, முகப் பிரச்சினை தீர்ந்தது. ஆறு முகங்கள், ஆறு பேருக்கும் திருப்தி. பீடம் ஒன்று. இப்போது ஆறு முதல் ஆட்களில் யார் முதல் என்று ஆரம்பித்தார்கள். வரிசையாக நிறுத்தலாம் என்றால் முன்னால் யார்? பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம் என்றால் வாசலை ஒட்டி யார்? தோளோடு தோளாக வட்டமாக நிறுத்தலாம் என்றார் டைரக்டர். அப்படியானால் வாசலைப் பார்ப்பது யார், வாசலுக்கு முதுகைக் காட்டுவது யார் என்று மலை கேட்டார். கேள்வி நியாயமானதுதான் என்று கடலே ஒப்புக்கொண்டார். டைரக்டர் மாத்திரை போட்டுக்கொண்டார்.

விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கிடங்கில் இடம் ஒழிக்கச் சொல்லி ஆள் வந்து போனார். அம்மா சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள். அப்பா அதைக் கவனிக்காத மாதிரி சாப்பிட்டார். நாங்களும் கவனிக்காத மாதிரியே இருந்தோம்.

அப்பாதான் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே, யாருக்கும் இல்லாமல்.

"எங்க சுத்து வண்டில இந்தத் தகராறே வராது."

"எது?"

"ரவுண்டு அடிக்கற வண்டி. அதுல மொதல் ஸ்டாப்புன்னு ஒண்ணு கெடையாதே. அவனவன் ஏறற எடம் அவனவனுக்கு மொதல் ஸ்டாப்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏய்" என்று என்னைப் பார்த்தாள். "சுத்தற மேடை ஒண்ணு செய்ய முடியுமாடி உன்னால? படிக்கறேன் படிக்கறேன்னு சொல்றியே."

முடியும். வாழ்க்கையில் அம்மா என்னிடம் கேட்டதில் எனக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அது.

பழைய லாரி சக்கரத்தின் பேரிங், கல்லூரிப் பட்டறையில் கிடந்த ஒரு மோட்டார், வேகம் குறைக்க ஒரு கியர் பெட்டி, இரண்டையும் இணைக்க ஒரு சங்கிலி. வட்ட மேடை. அதன் பாதி, மலைத்தொடர் வரைந்த ஒரு சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஆறு பேரும் அதன் விளிம்பில் நடந்து வருகிற பாவனையில் நிற்பார்கள். மேடை மெல்லச் சுற்றும். சுவரின் ஒரு பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக வெளிப்பட்டு, பார்வையாளர் முன்னால் வந்து, மறுபக்கத்தில் மறைவார்கள். யார் முதலில் வந்தார் என்றால், நீங்கள் ஹாலுக்குள் நுழைந்தபோது யார் வந்தாரோ அவர்.

குழு வந்து பார்த்தது. ஒவ்வொருவரும் தன் ஆள் வெளிப்படும் வரை காத்திருந்து, வெளிப்பட்டதும் தலையாட்டினார்கள். கடல் மட்டும், தன் ஆள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுவருக்குப் பின்னால் போய்விடுகிறார் என்று சொன்னார். எல்லோரும் ஒரே மேடையில் நிற்பதால் அது இயலாது என்று விளக்கினேன். "இருக்கலாம்" என்றார் நம்பாமல்.

ஒரு நிபந்தனை வைத்தார்கள். அதை மலையும் கடலும் சேர்ந்தே வைத்தார்கள். விழா முடியும் வரை மேடை நிற்கக் கூடாது. எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் முன்னால் நிற்பார். புகைப்படக்காரர்கள் அதையே எடுப்பார்கள். நின்றால் ஒப்புதல் ரத்து.

விழா அன்று அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். அப்பா டூட்டியிலிருந்து நேராக, காக்கிச் சட்டையும் தோளில் பையுமாக வந்திருந்தார். தன் உருவத்துக்கு எதிரே நின்று, "ஒரு நாளைக்கு இவன் என் வண்டில ஏறட்டும், அப்புறம் பேசிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரி வந்தார். குழு முன்வரிசையில் அமர்ந்தது. மேடை சுற்றியது. மந்திரி பேச ஆரம்பித்தார். நம் நாடு மிகப் பெரிய நாடு என்றார். அது உண்மை என்பதால் யாரும் அவசரப்படவில்லை.

மின்சாரம் போனது.

ஜெனரேட்டர் உடனே ஓட ஆரம்பித்தது. விளக்கு வந்தது, மைக் வந்தது, மந்திரியின் மின்விசிறியும் வந்தது. என் மோட்டார் வரவில்லை. எலக்ட்ரீசியன் அதை ஜெனரேட்டர் இணைப்பில் சேர்க்கவில்லை. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

சுவருக்குப் பின்னால் நாங்கள் மூவரும் நின்றிருந்தோம். நான் மேடைக்கு அடியில் தவழ்ந்து போனேன். அந்த கியர் பெட்டி ஒரு பக்கமாக மட்டுமே வேலை செய்யும். மோட்டார் மேடையைத் திருப்பும், மேடை மோட்டாரைத் திருப்பாது. சங்கிலியைக் கழற்றாமல் யானையே தள்ளினாலும் நகராது. கழற்றினேன்.

"இப்ப தள்ளலாமாடி?" என்றாள் அம்மா மேலிருந்து.

"தள்ளலாம். மெதுவா. ஒரே சீரா."

நான் வெளியே வருவதற்குள் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேடை விளிம்பில் இருந்த சமவெளியின் இடுப்பில் வலது தோளைக் கொடுத்துவிட்டாள். மேடை நகர்ந்தது. சமவெளி சுவரைத் தாண்டி வெளிச்சத்துக்குப் போனதும், அடுத்து வந்த மணலுக்குத் தோள் கொடுத்தாள்.

"வாங்கய்யா, வாங்க" என்று கிசுகிசுத்தாள். "ரொம்ப தூரத்திலேருந்து நடந்து வந்திருக்கீங்க. இன்னும் கொஞ்சம்."

"நகரு, நான் தள்றேன்" என்றார் அப்பா.

"வேண்டாம். நீங்க தள்ளினா ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிப்பீங்க."

ஆனாலும் அப்பா மறுபுறம் போய் கை கொடுத்தார். பழக்க தோஷத்தில் "போலாம் ரைட்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. சுவருக்கு அப்பால் மந்திரி அரை நொடி நிறுத்தி, பிறகு, "ஆம், நாம் முன்னோக்கிப் போகலாம்" என்று தொடர்ந்தார். கைதட்டல் எழுந்தது.

பேச்சு பேரரசர்களைத் தாண்டியது. கப்பல்கள் வந்தன. பஞ்சங்கள் வந்தன. ஊர்வலங்கள், சிறைகள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "சுதந்திரம் வந்துருச்சா?" என்று கேட்டாள். காதைச் சுவரில் வைத்துக் கேட்டேன். "இப்பத்தான் ரயில் விட்டிருக்காங்க" என்றேன். "அட, சீக்கிரம் வாங்கித் தொலைங்கப்பா" என்றாள்.

நானும் ஒரு பக்கம் தள்ளினேன். ஆனால் சீர் கெடக் கூடாது. என் கை பட்டால் துள்ளியது, அவள் தோள் பட்டால் வழுக்கிக்கொண்டு போனது. அவளையே விட்டுவிட்டு அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை இருமல் வந்து நின்றாள். மேடையும் நின்றது. சுவரில் இருந்த விரிசல் வழியாகப் பார்த்தேன். மலையின் ஆள் நடுவில் நின்றிருந்தார். புகைப்படக்காரர் ஒருவர் கேமராவை உயர்த்தினார். முன்வரிசையில் கடல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழ ஆரம்பித்தார்.

"அம்மா."

அவள் இருமலை விழுங்கிவிட்டுத் தள்ளினாள். கடல் பாதி எழுந்த நிலையில் வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார்.

சுதந்திரம் கடைசியாக வந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாட்டின் வரலாற்றில் அந்த இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை.

டைரக்டர் பின்பக்கம் ஓடி வந்தார். சங்கிலி கீழே கிடந்தது. அம்மா ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தாள், புடவை முழுக்க வியர்வை. அவர் சங்கிலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கையெழுத்து ஆயிடுச்சும்மா" என்றார். "ஹால் உங்களோடதுதான். கிடங்குக்குச் சாவியத் திருப்பி அனுப்பிட்டேன்."

"தண்ணி இருக்கா சார்?" என்றாள் அம்மா.

தண்ணீர் கொண்டு வந்தது காட்டம்மாள். அவர் எப்படிப் பின்னால் வந்தார் என்று தெரியவில்லை. டம்ளரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"என் முகம் கடல்காரங்க சட்டை போட்டுட்டு நடக்குதே" என்றார்.

அம்மாவுக்குப் புரை ஏறியது. "தெரியுமாம்மா? மாத்திரவா? ராத்திரியோட ராத்திரியா மாத்திரலாம்."

"எதுக்கு?" காட்டம்மாள் முழு மனதோடு யோசித்தார். "நான் கடலப் பாத்ததே இல்ல. என் முகமாவது பாக்கட்டும்." பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் அம்மா. பொய்.

அந்தத் தோள் கடைசி வரை சரியாகவில்லை. மழை நாளில் வலிக்கும். எண்ணெய் தேய்த்துவிட்டால், "மணல்தான் ரொம்ப கனம்" என்பாள். ஆறு உருவங்களும் ஒரே எடை, ஒரே மேடை என்று ஒவ்வொரு முறையும் விளக்கியிருக்கிறேன். "தள்ளினது நான்" என்பாள். போன மாதம் மருத்துவமனைப் படுக்கையில் அவளைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, அந்தப் பக்கம் பிடிக்க வேண்டாம் என்று நர்சிடம் சொன்னேன். ஏன் என்று நர்ஸ் கேட்டார். சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

அப்பா இப்போதும் யாராவது போனில் அம்மாவைக் கேட்டால், "இருக்கா, இரு கூப்பிடறேன்" என்கிறார். பிறகு எழுந்து இரண்டடி நடந்துவிட்டு நின்றுகொள்கிறார். நான் போனை வாங்கிக்கொள்கிறேன்.

விழாவுக்கு மறுநாள் காலையில் ஹாலைத் திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போனது அம்மா. கை தூக்க முடியவில்லை. அதனால் என்னையும் இழுத்துப் போயிருந்தாள். மோட்டாரை நான் நிறுத்தி வைத்திருந்தேன். ஆறு பேரும் அவரவர் நின்ற இடத்தில் நின்றார்கள். ஒரு நாளில் அவ்வளவு தூசி எப்படிச் சேர்ந்தது என்று தெரியவில்லை. ஈரத் துணியை என் கையில் கொடுத்தாள்.

நான் கடலிலிருந்து ஆரம்பித்தேன். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று அழுத்தித் தேய்த்தேன்.

"மெதுவாத் துடைடி" என்றாள். "அடுத்தவங்க மூக்கு."